பலவீனமான மின்காந்தப் புலம் செல்களை அசைக்குமா? காந்த மெத்தையும் கூடாத எலும்பும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் அப்பாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒரு மெத்தையைக் காட்டியிருக்கிறார். 7.83 ஹெர்ட்ஸில் 30 மைக்ரோடெஸ்லா காந்தத் துடிப்பு தருமாம், செல்களை ரீசார்ஜ் செய்து குருத்தெலும்பை வளர்க்குமாம், நாசாவே சோதித்ததாம். விலை ஒரு லட்சத்தை ஒட்டி. அதே வீட்டில் உங்கள் தம்பிக்கு பைக் விபத்தில் முறிந்த கால் எலும்பு எட்டு மாதமாகியும் கூடவில்லை. எலும்பு டாக்டர் காந்தச் சுருள் வைத்துப் பார்க்கலாம் என்கிறார். இரண்டும் ஒன்றுதானா, இவ்வளவு பலவீனமான புலத்தால் உயிருள்ள செல்லை ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் எந்தப் புலமும் எந்தச் செல்லையும் என்ன வேண்டுமானாலும் செய்துவிடாது. டாக்டர் சொல்வதை யோசிக்கலாம், மெத்தையை வாங்காதீர்கள். காரணத்தைச் சொல்லாமல் இதோடு நிறுத்தினால், அடுத்த மாதம் வேறொருவர் வேறொரு எண்ணைச் சொல்லிக்கொண்டு வருவார், நீங்கள் மறுபடி குழம்புவீர்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அளவைப் பிடித்துக்கொள்வோம். காந்தப் புலத்தின் வலிமையை டெஸ்லாவில் அளப்பார்கள். மில்லிடெஸ்லா அதில் ஆயிரத்தில் ஒன்று, மைக்ரோடெஸ்லா பத்து லட்சத்தில் ஒன்று. பூமியின் காந்தப் புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். தமிழ்நாட்டில் சுமார் 40. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தின் பரப்பில் சில மில்லிடெஸ்லா, அதாவது புவிப்புலத்தைப் போல நூறு மடங்கு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் 1.5 அல்லது 3 டெஸ்லா. வீட்டு வயரிங்கிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் புலம், மோட்டார் போன்றவற்றை விட்டுத் தள்ளி நின்றால், பெரும்பாலும் 0.1 மைக்ரோடெஸ்லா அளவில்தான் இருக்கும். ஆக, அந்த மெத்தையின் 30 மைக்ரோடெஸ்லா உங்கள் அப்பா இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் மேல் இருக்கும் புலத்தைவிடக் குறைவு. வித்தியாசம், பூமியின் புலம் நிலையானது, மெத்தையினுடையது துடிக்கிறது.

7.83 என்ற எண் எங்கிருந்து வந்தது? பூமியின் தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே மின்னல்களால் எழும் அலைகள் அந்த அதிர்வெண்ணை ஒட்டி ஒத்ததிர்வு காட்டும் என்று 1952-ல் மியூனிக்கின் வின்ஃப்ரீட் ஓட்டோ ஷூமன் கணக்கிட்டார். அது உண்மையான இயற்பியல். ஆனால் அந்த இயற்கை அலையின் காந்த வலிமை சுமார் ஒரு பிக்கோடெஸ்லா, அதாவது மைக்ரோடெஸ்லாவில் பத்து லட்சத்தில் ஒன்று. மெத்தை தருவது அதைப் போல மூன்று கோடி மடங்கு. இயற்கையின் அதிர்வைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லும்போது இந்த மூன்று கோடியை யாரும் சொல்வதில்லை. அதிர்வெண் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு புலங்கள் ஒன்றாகிவிடாது.

இனி இந்த விஷயத்தின் மையமான சிக்கல். உடல் சூட்டில் ஒவ்வொரு மூலக்கூறும் ஓயாமல் ஆடிக்கொண்டும் மோதிக்கொண்டும் இருக்கிறது. இதை வெப்ப இரைச்சல் என்போம். ஓர் எலக்ட்ரானின் சுழற்சிக்குப் புவிக்காந்தப் புலம் தரும் ஆற்றல், அந்த இரைச்சலின் ஆற்றலில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு. மின்புலத்திலும் இதே கதைதான். செல் சவ்வு 5 நானோமீட்டர் தடிமன், அதன் இரு பக்கமும் சுமார் 70 மில்லிவோல்ட் வேறுபாடு. 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒரு செல்லில் இந்த மின்னழுத்தம் வெப்பத்தால் மட்டுமே 20, 30 மைக்ரோவோல்ட் அளவுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து மீட்டருக்கு ஒரு வோல்ட் புலம் கொடுத்தால்தான் சவ்வில் 15 மைக்ரோவோல்ட் சேரும். வீட்டு வயரிங்கின் 0.1 மைக்ரோடெஸ்லா உடலுக்குள் தூண்டும் மின்புலமோ மீட்டருக்குச் சில மைக்ரோவோல்ட்தான். சவ்வுக்கு வந்து சேரும்போது இரைச்சலைவிடப் பல லட்சம் மடங்கு சிறியது.

யேல் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் அடேர் 1991-ல் இந்தக் கணக்கைப் போட்டு, இவ்வளவு சிறிய புலங்கள் செல்லைத் தொட வழியில்லை என்றார். அதற்கு ஓராண்டு முன்பே ஜேம்ஸ் வீவரும் டீன் அஸ்டூமியனும் கணக்கின் இன்னொரு பக்கத்தைக் காட்டியிருந்தார்கள். நீளமான செல், பல செல்கள் சேர்ந்த கூட்டம், நீண்ட நேரம் சராசரி எடுக்கும் அமைப்பு ஆகியவை இருந்தால் இந்த எல்லை கீழே இறங்கும். இந்த இரண்டு வாதங்களையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு கேள்வி கிடைக்கிறது. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும், எந்த ஆய்வைப் பார்த்தாலும் நான் அதைத்தான் முதலில் கேட்கிறேன்: இந்தப் புலம் வெப்ப இரைச்சலை எந்த வழியில் தாண்டுகிறது?

உயிர்களிடம் இதற்கு அருமையான பதில்கள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது சுறாவின் பதில். நெதர்லாந்தைச் சேர்ந்த அட்ரியானஸ் கால்மைன் 1971-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். தொட்டியின் மணலுக்கு அடியில் ஒரு தட்டை மீனைப் புதைத்து வைத்தார். மேலே நீந்திய சிறு சுறா அந்த இடத்துக்கு வந்ததும் மணலைக் கிண்டி மீனைப் பிடித்தது. கண்ணால் பார்த்திருக்க முடியாது. மோப்பமாக இருக்குமோ? அடுத்த தடவை மீனை அகர் ஜெல்லியால் ஆன அறைக்குள் வைத்தார். ஜெல்லி மின்சாரத்தை விடும், வாசனையை விடாது. மீன் மேல் பட்ட தண்ணீரைக் குழாய் வழியாக வேறொரு மூலையில் வெளியேற்றினார். சுறா அந்த மூலைக்குப் போகவில்லை, நேராக மீனுக்கு மேலேயே வந்து கடித்தது. உயிருள்ள மீனுக்குப் பதிலாக வெட்டிய துண்டுகளை வைத்தபோது வாசனை வெளியேறும் மூலையில் போய்த் தேடியது. பிறகு ஜெல்லியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்தார். மின்சாரம் தடைப்பட்டது, சுறா மீனுக்கு மேலேயே நீந்திப் போயும் கண்டுகொள்ளவில்லை. கடைசியாக மீனே இல்லாமல் இரண்டு மின்முனைகளை மணலில் புதைத்து மீனின் அளவுக்குச் சிறு மின்னோட்டம் விட்டார். சுறா மின்முனையைத் தோண்டியது. ஒவ்வொரு சந்தேகத்தையும் ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே போன சோதனை இது. ஆய்வு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

சுறாக்களும் திருக்கைகளும் மீட்டருக்கு அரை மைக்ரோவோல்ட் வரை உணரும் என்று பின்னர் தெரிந்தது. நான் மேலே சொன்ன சவ்வுக் கணக்கின்படி இது நடக்கவே கூடாது. நடப்பதற்குக் காரணம் உறுப்பின் அமைப்பு. தோலில் திறக்கும் நீண்ட குழாய்கள், உள்ளே மின்சாரம் நன்றாகக் கடத்தும் ஜெல்லி, சுவர் நல்ல மின்காப்பு. அதனால் குழாயின் முழு நீளத்துக்கும் உண்டான மின்னழுத்த வேறுபாடு அடியில் இருக்கும் உணர்செல்கள் மேல் வந்து விழுகிறது. குழாயின் அடியிலுள்ள ஒரு குமிழில் ஆயிரக்கணக்கான உணர்செல்கள், அவை எல்லாம் சேர்ந்து சில நரம்பு இழைகளுக்குச் செய்தி தருகின்றன. ஒவ்வொரு செல்லின் இரைச்சலும் வெவ்வேறாக இருப்பதால் கூட்டும்போது அடங்கிவிடும். மீனின் சைகை மட்டும் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதால் நிற்கும்.

பாக்டீரியாவின் வழி இன்னும் நேரடியானது. ரிச்சர்ட் பிளேக்மோர் 1975-ல் அறிவித்த காந்த பாக்டீரியாக்களின் உடலுக்குள் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் படிகங்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும். அந்தச் சங்கிலி மொத்தமாகப் புவிப்புலத்தோடு கொள்ளும் ஆற்றல் வெப்ப ஆற்றலைப் போல பத்து மடங்குக்கு மேல். செத்த பாக்டீரியா கூட வடக்கு நோக்கித் திரும்பும். நம் முழங்காலில் அப்படி ஒரு சங்கிலி கிடையாது.

மூன்றாவது வழிதான் ஆச்சரியமானது, இன்றைக்கும் ஆய்வு சூடாக நடப்பதும் அங்கேதான். ஐரோப்பாவின் ராபின் என்ற சிறு குருவி இரவில் வலசை போகும். ஃபிராங்க்ஃபர்ட்டின் வொல்ஃப்காங் வில்ட்ஷ்கோ 1960-களில் அது காந்தப் புலத்தைக் கொண்டு திசை அறிகிறது என்று காட்டினார். 1972-ல் வில்ட்ஷ்கோ தம்பதி இன்னொன்றைக் காட்டினார்கள். நம் திசைகாட்டியைப் போல அது வடக்கு தெற்கு என்று பிரிப்பதில்லை, காந்தக் கோடு தரையோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையே பார்க்கிறது. திருநெல்வேலிப் பக்கத்தில் காந்த நடுக்கோடு போகிறது. அங்கே கோடுகள் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகவே ஓடும். ஆகவே இந்த வகைத் திசைகாட்டிக்கு அங்கே இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்தக் குருவி நம் ஊருக்கு வருவதில்லை, ஆனால் இந்தப் புதிரை நினைக்க நல்ல இடம் அது.

இது எப்படி நடக்கிறது? கிளாஸ் ஷுல்டனும் சகாக்களும் 1978-ல் ஒரு யோசனை சொன்னார்கள். 2000-த்தில் தோர்ஸ்டன் ரிட்ஸுடன் சேர்ந்து ஷுல்டன் அதை விரித்தார். கண்ணின் விழித்திரையில் கிரிப்டோகுரோம் என்ற புரதம் இருக்கிறது. நீல ஒளி பட்டதும் அதற்குள் ஓர் எலக்ட்ரான் இடம் மாறி, ஜோடியில்லாத எலக்ட்ரான்கள் இரண்டு வெவ்வேறு இடத்தில் நிற்கும். இதை ரேடிகல் ஜோடி என்பார்கள். இந்த இரண்டு எலக்ட்ரான்களின் சுழற்சி ஒன்றுக்கொன்று எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து, அடுத்த வேதிவினை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவாகும். எலக்ட்ரானின் சுழற்சி சுற்றியுள்ள வெப்ப ஆட்டத்தோடு அவ்வளவாக ஒட்டுவதில்லை. மைக்ரோநொடி அளவுக்காவது தனியாக நிற்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் புவிப்புலம் அதைத் திருப்பிவிடலாம். ரயில் ஓடுவதற்கான பலம் இன்ஜினிலிருந்து வருகிறது, ஆனால் எந்தத் தடத்தில் போவது என்பதைப் பாயிண்ட்ஸ் தீர்மானிக்கிறது அல்லவா? இங்கே பலம் ஒளியிலிருந்து, பாயிண்ட்ஸை நகர்த்துவது காந்தப் புலம். அதனால்தான் கோடியில் ஒரு பங்கு ஆற்றலுக்கும் வேலை இருக்கிறது.

அழகான கருத்து என்பதற்காக நம்பிவிட வேண்டியதில்லை. இதற்குச் சோதனை உண்டு. இந்தக் கருத்து சரியென்றால் மெகாஹெர்ட்ஸ் அளவில் ஆடும் மிகச் சிறிய புலம் குருவியைக் குழப்ப வேண்டும். 2004-ல் ரிட்ஸும் வில்ட்ஷ்கோ தம்பதியும் அப்படித்தான் நடந்தது என்று அறிவித்தார்கள். அதைவிடப் பெரிய சாட்சி ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கிலிருந்து, எதிர்பாராமல் வந்தது. ஹென்ரிக் மௌரிட்சனின் குழு பல்கலைக்கழக வளாகத்தில் மரக் குடிசைகளில் ராபின்களை வைத்துச் சோதித்தது. மற்ற இடங்களில் சரியாகத் திசை காட்டிய அதே இனம் இங்கே காட்டவே இல்லை. குடிசையைச் சுற்றி அலுமினியத் தகடு பொருத்தி அதை எர்த் செய்தார்கள். குருவிகள் சரியாகத் திரும்பின. எர்த் ஒயரைக் கழற்றினார்கள், மறுபடி தடுமாறின. உள்ளே இருந்த நிலையான காந்தப் புலம் மாறவில்லை. மாறியது 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரையான மின்காந்த இரைச்சல் மட்டுமே, பழைய மீடியம் வேவ் ரேடியோ அடங்கும் பட்டை அது. ஊருக்கு வெளியே கொண்டுபோனபோது தகடு இல்லாமலே திசை காட்டின. எந்த நிலையில் சோதனை நடக்கிறது என்று தரவைப் படிப்பவருக்குத் தெரியாதபடி, பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். 2021-ல் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ஹோரும் மௌரிட்சனும் சேர்ந்து ராபினின் கிரிப்டோகுரோம்-4 புரதத்தைத் தனியே தயாரித்து, அது காந்தப் புலத்துக்கு மசிகிறது என்று சோதனைக் குழாயில் காட்டினார்கள். உயிருள்ள குருவியின் கண்ணுக்குள் இதே புரதம்தான் அந்த வேலையைச் செய்கிறது என்ற கடைசிக் கண்ணி இன்னும் நிறுவப்படவில்லை.

ஓல்டன்பர்க் ஆய்வை நம் ஊரில் பலர் செல்போன் கோபுரத்தால் குருவிகள் அழிகின்றன என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த ஆய்வில் குற்றவாளியாக நின்ற பட்டை 5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே. செல்போன் அலைகள் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மெகாஹெர்ட்ஸ். சிட்டுக்குருவி வலசை போவதும் இல்லை.

இந்தத் துறையில் சறுக்கல்களும் நிறைய, அவற்றையும் சொல்லியாக வேண்டும். பழ ஈக்கள் காந்தப் புலத்தை உணர்கின்றன என்று 2008-ல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது, அதன் மேல் பல ஆய்வுகள் கட்டப்பட்டன. 2023-ல் மௌரிட்சனின் கூட்டாளிகளே ஏறத்தாழ ஒரு லட்சம் ஈக்களை வைத்து, அலைகள் புகாத அறைக்குள் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். எந்த விளைவும் தெரியவில்லை. புறாவின் அலகில் இரும்புள்ள காந்த நரம்பு செல்கள் இருப்பதாக வெகுகாலம் நம்பினோம். அவை பழைய ரத்தச் சிவப்பணுக்களைத் தின்று இரும்பைச் சேர்த்து வைக்கும் சாதாரண மேக்ரோஃபேஜ் செல்கள் என்று 2012-ல் டேவிட் கீஸ் குழு காட்டியது. தன் பக்கத்துக்குச் சாதகமான முடிவையே லட்சம் ஈ வைத்து உடைத்துப் பார்க்கும் இந்த மனம்தான் இந்தத் துறையை நம்ப வைக்கிறது.

மனிதச் செல்களில்? டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இகேயாவும் வுட்வர்டும் 2021-ல் ஹீலா என்ற, ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல்களில் நீல ஒளி பாய்ச்சி, அவை இயல்பாக வெளிவிடும் மங்கலான ஒளிர்வை அளந்தார்கள். காந்தத்தை அருகே கொண்டுவந்து வீசும் ஒவ்வொரு தடவையும் ஒளிர்வு சுமார் 3.5 விழுக்காடு இறங்கி ஏறியது. செல்லுக்குள் ஃபிளேவின் மூலக்கூறுகளில் ரேடிகல் ஜோடி உருவாகிறது, காந்தம் அதைத் தொடுகிறது என்பதற்கு நேரடியான காட்சி. ஆனால் அங்கே பயன்பட்ட புலம் 25 மில்லிடெஸ்லா வரை, புவிப்புலத்தைப் போல பல நூறு மடங்கு. ஒளிர்வு மங்கியது என்பதற்கும் மூட்டு சரியானது என்பதற்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது.

நிலையான மின்புலத்தில் சாட்சி இன்னும் உறுதி. தோல் வெட்டுப்பட்ட இடத்தில் சிறு மின்னோட்டம் ஓடுகிறது என்று எமில் டு புவா-ரேமோன் 1840-களிலேயே தன் விரலில் அளந்தார். காயத்தின் விளிம்பில் அந்தப் புலம் மில்லிமீட்டருக்கு 40 முதல் 200 மில்லிவோல்ட். மின் ஷாவோவின் குழு 2006-ல், தட்டில் வளர்த்த செல்கள் அந்த அளவுப் புலத்தில் ஒரே திசையில் ஊர்ந்து போவதையும், முனைகளைத் திருப்பினால் அவையும் திரும்பி வருவதையும் காட்டியது. இதைப் படித்துவிட்டு உடல் முழுக்க மின்சாரம், அதனால் எந்தப் புலமும் வேலை செய்யும் என்று சொல்வதுதான் விற்பனையாளரின் தாவல். காயத்தின் புலம் மீட்டருக்கு 40 முதல் 200 வோல்ட். காந்த மெத்தை திசுவுக்குள் தூண்டுவது அதன் பக்கத்தில்கூட வராது.

இனி உங்கள் தம்பியின் எலும்பு. ஜப்பானின் எய்ச்சி ஃபுகாடாவும் இவாவோ யசுடாவும் 1957-ல், உலர்ந்த எலும்பை அழுத்தினால் மின்னழுத்தம் எழுகிறது என்று அளந்து காட்டினார்கள். நடக்கும்போது எலும்பில் எழும் அந்தச் சைகையை வெளியிலிருந்து கொடுத்தால் எலும்பு வளருமா என்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆண்ட்ரூ பாசெட் யோசித்தார். தோலைக் கீறாமல், காலைச் சுற்றிச் சுருளை வைத்துத் துடிப்புப் புலம் தருவது அவர் வழி. 1974-ல் அவர் குழுவின் முதல் முடிவுகள் வந்தன, 1979-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கூடாத எலும்புக்கு அதை அனுமதித்தது. இந்தச் சுருள்களின் உச்சப் புலம் மில்லிடெஸ்லா அளவு, அதுவும் சடாரென்று ஏறி இறங்கும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்புலம் திசுவில் தூண்டப்படும், இங்கே செண்டிமீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு. தனிச் செல்லுக்கு இதுவும் இரைச்சலுக்குக் கீழேதான். எலும்பின் செல்கள் நீளமான கிளைகளால் ஒன்றோடொன்று வலையாகப் பின்னி இருப்பதால் சேர்ந்து உணரலாம் என்பது ஒரு விளக்கம். இயங்குமுறை முழுதாகத் தீரவில்லை.

பலன் உண்டா? இங்கே இரண்டு பிரிட்டிஷ் ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். 1984-ல் ஷெஃபீல்டின் ஆன்டனி பார்க்கர், ஷாரார்ட் குழு 16 நோயாளிகளை எடுத்தது. எல்லோருக்கும் டிபியா, அதாவது முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு கூடாமல் கிடந்தது. எல்லோருக்கும் மாவுக்கட்டு, காலை ஊன்றக் கூடாது என்ற கட்டுப்பாடு. சிலருக்கு உண்மைக் கருவி, சிலருக்குப் பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும், வேலை செய்யாத கருவி. உண்மைக் கருவியில் 9 பேரில் 5 பேருக்கு எலும்பு கூடியது. போலிக் கருவியில் 7 பேரில் 5 பேருக்கு. அதுவரை காந்தத்தின் வெற்றி என்று எண்ணப்பட்டதில் பெரும் பங்கு, காலை அசைக்காமல் வைத்த கண்டிப்புக்கு உரியதாக இருக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதே ஷாரார்ட் 1990-ல் இன்னும் பெரிய ஆய்வை வெளியிட்டார். எலும்பு கூடத் தாமதமான 45 பேர், முறிந்து 16 முதல் 32 வாரம் ஆனவர்கள். இம்முறை உண்மைக் கருவியில் 20 பேரில் 9 பேருக்குக் கூடியது, போலியில் 25 பேரில் 3 பேருக்குத்தான். முதல் முடிவு எதிராக வந்தும் விடாமல், அதே கண்டிப்போடு திரும்பச் செய்தார் என்பதற்காகவே அவரை மதிக்கிறேன். போலிக் கருவியோடு ஒப்பிட்ட 15 ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டின் ஆய்வு, மின்தூண்டல் பெற்றவர்களிடம் எக்ஸ்ரேயில் எலும்பு கூடாமல் போகும் ஆபத்து சுமார் 35 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. வலியும் சற்றுக் குறைந்தது. அன்றாட நடமாட்டத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மிதமான பலன், ஆனால் உண்மையான பலன் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதே பார்க்கர்தான் 1985-ல் மூளையைத் தலைக்கு வெளியிலிருந்தே காந்தத் துடிப்பால் தூண்டும் கருவியைச் செய்தார், இன்று மனச்சோர்வுக்குப் பயன்படுகிறது. அது டெஸ்லா அளவுத் துடிப்பு, பலவீனமே அல்ல. அந்தச் சிகிச்சையின் வெற்றியை மெத்தை விளம்பரத்தில் எழுதுவது ஏமாற்று.

மூளைப் புற்றுக்கான மின்புலச் சிகிச்சையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். யோரம் பால்டி என்ற இஸ்ரேலிய விஞ்ஞானியின் யோசனை. மொட்டையடித்த தலையில் மின்முனைத் தகடுகளை ஒட்டி, 200 கிலோஹெர்ட்ஸில் புலம், நாளில் 18 மணி நேரம். செண்டிமீட்டருக்கு 1 முதல் 3 வோல்ட். 695 பேர் கலந்துகொண்ட ஆய்வில் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 16 மாதத்திலிருந்து 20.9 மாதமாக உயர்ந்தது. போலிக் கருவி வைத்து ஒப்பிடவில்லை என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. ஆனாலும் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற சிகிச்சை அது. மெத்தையின் புலத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

மெத்தைக்காரர் காட்டும் நாசா அறிக்கை ஒன்று உண்மையிலேயே உண்டு, 2003-ல் வந்தது. தட்டில் வளர்த்த நரம்பு செல்களில் துடிப்புப் புலத்தின் விளைவைப் பார்த்தது. முழங்கால் இல்லை, மூட்டு இல்லை, நோயாளி யாரும் இல்லை. நாசா எந்த மெத்தைக்கும் சான்று கொடுத்ததாக அதில் ஒரு வரியும் கிடையாது. இன்னொரு வாதமும் வரும்: குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கால்சியம் அயனி ஒத்ததிர்ந்து செல்லுக்குள் பாய்கிறது என்பார்கள். 1980-களில் ஏப்ரகாம் லிபோஃப் முன்வைத்த கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மைக்ரோடெஸ்லாவில் கால்சியம் அயனியின் சுற்று அதிர்வெண் 38 ஹெர்ட்ஸ் வரும், சரிதான். ஆனால் உடல் சூட்டின் வேகத்தில் அந்த அயனி ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆரம் வேண்டும். செல்லின் அகலமோ மீட்டரில் லட்சத்தில் சில பங்கு. நடுவில் தண்ணீர் மூலக்கூறுகளோடு கோடானுகோடி மோதல். எளிய வடிவில் அந்தக் கருத்து நிற்காது. இந்த வகை வியாபாரம் புதியதும் அல்ல. 1920-களில் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஏப்ரம்ஸ் என்பவர் ரத்தத் துளியின் அதிர்வைப் படித்து நோய் சொல்லும் பெட்டிகளை வாடகைக்கு விட்டுப் பெரும் பணம் பார்த்தார். பெட்டிகளைத் திறந்தபோது பொருளில்லாமல் இணைத்த ஒயர்களும் மின்தடைகளும்தான் இருந்தன.

பயத்தின் பக்கமும் இதே அளவுகோல்தான். மின்கம்பிகளுக்கு அருகே வாழும் குழந்தைகளின் ரத்தப் புற்று பற்றி 1979-ல் டென்வரிலிருந்து வந்த ஆய்வு கேள்வியை எழுப்பியது. சராசரி புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த வீடுகளில் ஆபத்து இரு மடங்காகத் தெரிந்ததாகப் பிந்தைய தொகுப்பாய்வு சொன்னது. அப்படிப்பட்ட வீடுகள் மிகக் குறைவு, விலங்கு ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை, இயங்குமுறையும் கிடைக்கவில்லை. ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு முகமை 2002-ல் அதை, புற்றை உண்டாக்கக் கூடும் என்ற 2பி பிரிவில் வைத்தது. முழு இலைக் கற்றாழைச் சாறும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. ஐயம் முழுதாகத் தீரவில்லை என்பதே அதன் பொருள், நிரூபணம் என்பதல்ல.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். அப்பாவின் முழங்காலுக்கு மருத்துவமனைக் கருவிகளால் துடிப்புப் புலம் கொடுத்த சிறு ஆய்வுகள் உண்டு. சிலவற்றில் சில வாரங்களுக்கு வலி குறைந்தது, சிலவற்றில் போலிக் கருவிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்ந்ததாக எதுவும் நிறுவவில்லை. அதுவும் அந்தக் கருவிகளின் கதை, புவிப்புலத்தைவிடச் சிறிய புலம் தரும் மெத்தையின் கதை அல்ல. அவர் அதில் படுத்து வலி குறைந்தது என்று சொன்னால் அது பொய்யாக இருக்காது. மூட்டு வலி தானாகவே ஏறி இறங்கும், ஒரு லட்சம் கொடுத்து வாங்கியதன் நம்பிக்கையும் வலியைத் தணிக்கும். ஆனால் அதற்காக ஒரு லட்சம் கொடுக்க வேண்டுமா? அந்தப் பணத்தில் நல்ல பிசியோதெரபிஸ்டிடம் போய்த் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகளை ஒழுங்காகக் கற்றுச் செய்யட்டும். எடை கூடுதலாக இருந்தால் சில கிலோ குறைவதே முழங்காலுக்குப் பெரிய ஆறுதல். தரையில் சம்மணம் போட்டு உட்காருவதையும் இந்தியக் கழிப்பறையையும் சில மாதம் தவிர்க்கச் சொல்லுங்கள். அவருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் துடிப்புப் புலம் தரும் எந்தக் கருவியையும் இதய டாக்டரைக் கேட்காமல் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது.

தம்பிக்கு, சுருளுக்கு முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. முறிந்த இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு? ஒரு செண்டிமீட்டரை நெருங்கினால் சுருளை நம்பிக் காத்திருப்பதில் பொருளில்லை, அறுவை வேண்டும். உள்ளே சீழ், தொற்று இருக்கிறதா? பிளேட்டோ கம்பியோ ஆடுகிறதா? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, வைட்டமின் டி பார்த்தார்களா? புகை பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்த வேண்டும், எலும்பு கூடாததற்கு அது பெரிய காரணம். இவை எல்லாம் சரியாக இருந்து டாக்டர் சுருளைச் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். கருவியைப் பொறுத்து நாளுக்கு அரை மணியிலிருந்து பத்து மணி நேரம் வரை வைக்க வேண்டியிருக்கும், மாதக் கணக்கில். சுருளின் நடு, முறிவு இருக்கும் இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். மாவுக்கட்டின் மேல் அந்த இடத்தை டாக்டரையே மார்க்கரால் குறிக்கச் சொல்லுங்கள். எத்தனையாவது வாரம் எக்ஸ்ரே எடுப்பது, அதில் முன்னேற்றம் இல்லையென்றால் அறுவைக்கு எப்போது போவது என்பதையும் தொடங்கும் நாளிலேயே அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.